வீடியோவில் புரிகிறது, தாளில் வரவில்லை

கேள்வி: ஐயா, மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊர் எங்களுடையது. அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறார். அம்மா பாசி எடுக்கப் போவார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.இ. சிவில் சேர்ந்தேன். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, 2021 ஒழுங்குமுறை. முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்துவிட்டது. இன்டர்னலில் 40-க்கு 24 இருந்தும் பாஸ் ஆகவில்லை. இப்போது இரண்டாம் செமஸ்டர். இன்ஜினியரிங் கிராபிக்ஸ் முதல் டெஸ்டில் 100-க்கு 22. எனக்கு முப்பரிமாணமே கண்ணுக்குத் தெரியவில்லை. யூடியூபில் பார்த்தால் எல்லாம் புரிகிறது, தாளை விரித்தால் கை ஓடவில்லை. ஒர்க்‌ஷாப் மட்டும் பிடிக்கிறது. தச்சு வேலையில் லாப் ஜாயின்ட்டை வகுப்பிலேயே முதலில் முடித்தது நான்தான். சிவிலுக்கு எதற்கு கெமிஸ்ட்ரியும் பைதானும் என்றும் புரியவில்லை. கலாம் பிறந்த மண்ணிலிருந்து வந்துவிட்டு இப்படியா என்கிறார் ஒரு சார். பொம்பளப் பிள்ளைக்கு சிவில் எதற்கு என்கிறார் மாமா. மீன்பிடித் தடைக்காலம், அப்பா வீட்டில்தான் இருக்கிறார். அரியரை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. விட்டுவிட்டு ராமநாதபுரத்திலேயே பி.எஸ்சி. சேர்ந்துவிடலாமா? இல்லை, லீவில் பணம் கட்டி ஆட்டோகேட் வகுப்புக்குப் போனால் சரியாகுமா?

பதில்: உன் அப்பா வயது எனக்கு. நம் மாவட்டத்தில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு கிராபிக்ஸ் எடுத்தே தலை நரைத்தவன். அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன், தாயி.

அரியரையும் 22 மார்க்கையும் பெரிதாக எழுதியிருக்கிறாய். போகிற போக்கில் எழுதிய அந்த யூடியூப் வரிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. உன் சிக்கல் மொத்தமும் அதில்தான் இருக்கிறது. இன்னொருவர் கோடு போடுவதைப் பார்க்கும்போது, அவர் போட்டது சரி என்பது நமக்குப் புரிகிறது. அடுத்த கோட்டை எங்கே போடுவது என்ற முடிவை நாம் எடுக்கவே இல்லை. பரீட்சைத் தாள் கேட்பது அந்த முடிவைத்தான். பிளஸ் டூ வரை இந்த இடைவெளி வெளியில் தெரியாது. புத்தகப் பயிற்சிக் கணக்கு, கைடு, ரிவிஷன் டெஸ்ட் என்று அதே கணக்கு நாலு தடவை கையில் வந்து போகும். கணக்கைக்கூட மனப்பாடத்தில் போட்டுவிடலாம். இங்கே எண் மாறினால் படமே மாறிவிடுகிறது, மனப்பாடம் அங்கேயே கைவிட்டுவிடும். படிப்பை விடாதே என்பதுதான் என் பதில். ஆனால் இப்படியே படித்துக்கொண்டும் போகாதே.

முப்பரிமாணம் தெரியவில்லை என்பதை நான் நம்பவில்லை. லாப் ஜாயின்ட்டில் இரண்டு கட்டையிலும் பாதிக் கனத்தை வெட்டி எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் வெட்டினால் இரண்டும் உட்கார்ந்து மட்டமாக நிற்கும் என்று வெட்டுவதற்கு முன்பே மனசுக்குள் பார்த்தால்தான் அது முடியும். அதை வகுப்பில் முதல் ஆளாக முடித்த பிள்ளைக்கு கனம், ஆழம், மறைந்த விளிம்பு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்ததைத் தட்டையான தாளில் எழுதும் முறைதான் கைவரவில்லை. இன்று இரவே அந்தக் கட்டை ஒன்றை எடுத்து முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் மூன்றையும் வெறும் கையால் வரை. ட்ராஃப்டர் வேண்டாம், ஸ்கேல் வேண்டாம். வெட்டிய பள்ளம் எந்தத் தோற்றத்தில் முழுக்கோடாக வரும், எதில் புள்ளிக்கோடாக மறையும் என்று கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முடிவு செய். நீயே முடிவு செய்ய வேண்டும். பக்கத்தில் போன் இருக்கக் கூடாது.

அடுத்தது கோடுகளின் வீழ்ப்பு, அதாவது புரொஜெக்ஷன் ஆஃப் லைன்ஸ். முதலாண்டுப் பிள்ளைகள் பாதிப் பேர் விழுகிற இடம் அதுதான். வழக்கமான கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஏபி என்ற கோடு 80 மி.மீ. நீளம். ஏ முனை எச்.பி.க்கு (படுத்த தளம்) 20 மி.மீ. மேலே, வி.பி.க்கு (நிற்கும் தளம்) 25 மி.மீ. முன்னே. கோடு எச்.பி.க்கு 30 டிகிரியும் வி.பி.க்கு 45 டிகிரியும் சாய்ந்திருக்கிறது. இரண்டு தோற்றமும் வரைய வேண்டும்.

வரைவதற்கு முன் ஒரு நீள நோட்டைத் திற. ஒரு பக்கம் மேஜையில் படுத்திருக்கட்டும். இன்னொரு பக்கத்தைச் சுவர் மாதிரி நிமிர்த்தி, பின்னால் தண்ணீர் பாட்டிலை முட்டுக்கொடு. படுத்தது எச்.பி., நிற்பது வி.பி., நோட்டின் முதுகுதான் எக்ஸ்ஒய் கோடு. குட்டைப் பென்சில் ஒன்றை இடையில் சாய்த்துப் பிடி. அறைத்தோழியை முன்னால் தள்ளி நின்று போன் டார்ச்சை அடிக்கச் சொல். நிற்கும் பக்கத்தில் விழும் நிழல் முன்தோற்றம். டார்ச்சை நேர் மேலே கொண்டுபோனால் படுத்த பக்கத்தில் விழுவது மேல்தோற்றம். (டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்தால் நிழல் பெருத்து ஏமாற்றும்; எட்டியே பிடிக்கட்டும்.) பென்சிலைச் சாய்க்கச் சாய்க்க நிழல் குறுகுவதைப் பார். பிறகு நிற்கும் பக்கத்தைப் பின்னால் சாய்த்து நோட்டை முழுக்க விரி. முன்தோற்றம் முதுகுக்கு மேலே போயிருக்கும், மேல்தோற்றம் கீழே வந்திருக்கும். நம் நாட்டில் எல்லாக் கல்லூரியிலும் போட வைக்கிற முதல் கோண வீழ்ப்பு இவ்வளவுதான்.

இப்போது கணக்குக்கு வா. எச்.பி.க்கு 30 டிகிரி சாய்ந்த கோட்டின் மேல்தோற்ற நீளம் 80 காஸ் 30, அதாவது 69.3 மி.மீ. முன்தோற்ற நீளம் 80 காஸ் 45, அதாவது 56.6. ஆக, விடைப்படத்தின் எந்தத் தோற்றத்திலும் 80 இருக்காது. பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 80-ஐ அளந்து 30 டிகிரியில் ஒரு கோட்டை இழுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவார்கள். அது மேல்தோற்றத்தின் நீளத்தைக் கண்டுபிடிக்கப் போடும் துணைக்கோடு. மெலிதாக விட்டுவிட்டு மேலே போக வேண்டும். படம் முடிந்ததும் சரிபார்க்கவும் வழி உண்டு. பி முனை எச்.பி.க்கு மேலே 20-உம் 80 சைன் 30-உம் சேர்ந்து 60 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், வி.பி.க்கு முன்னே 25-உம் 80 சைன் 45-உம் சேர்ந்து 81.6. ஸ்கேலை வைத்து அளந்து பார். ஒரு மி.மீ. அப்படி இப்படி இருந்தால் பென்சில் முனை மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பத்து மி.மீ. தள்ளிப் போனால் எந்தப் படியில் தப்பினாய் என்று தேடு. அப்படித் தேடுகிற அரை மணி நேரத்தில் வருகிற படிப்பு பத்து வீடியோவில் வராது.

ஊருக்குப் போகும்போது இன்னொரு வேலை இருக்கிறது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு படுத்தபடியே 17 மீட்டர் மேலே போகும். 1914-இல் திறந்த, இப்போது ரயில் ஓடாத பழைய பாலத்தில் அப்படி இல்லை. இரண்டு பக்கக் கைகளும் மேல்நோக்கிச் சாய்ந்து திறந்தன, ஆட்கள் நெம்புகோல் பிடித்துத்தான் திறந்தார்கள். சாலைப்பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னலில் தெரிவது ரயில் பாலத்தின் முன்தோற்றம். மூடிய நிலை, திறந்த நிலை இரண்டுக்கும் இரண்டு பாலங்களையும் வரைந்து பார். புதிய பாலத்தில் துண்டு எவ்வளவு உயரம் போனாலும் அதன் மேல்தோற்றம் மாறவே மாறாது; முன்தோற்றம் மட்டும் மாறும். பழையதில் கை சாயச் சாய மேல்தோற்றம் குறுகும். ஏன் என்று மூன்று வரியில் எழுத முடிந்தால் கோடுகளின் வீழ்ப்பு உனக்கு வந்துவிட்டது.

கணக்கு அரியரை நீ நினைக்கிற அளவுக்குப் பெரிதாக்க வேண்டாம். உன் ஒழுங்குமுறைப்படி இன்டர்னல் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. தேர்வில் குறைந்தது 45 சதவீதம், மொத்தத்தில் 50. உன்னிடம் 24 இருக்கிறது. 100 மார்க் தாளில் 45 எடுத்தால் அது 27 ஆகும், கூட்டினால் 51. அந்தத் தாளில் 2 மார்க் கேள்வி பத்து, 16 மார்க் கேள்வி ஐந்து, யூனிட்டுக்கு ஒன்று. மேட்ரிசஸ், டிஃபரன்ஷியல் கால்குலஸ், இன்டெக்ரல் கால்குலஸ் மூன்றுக்கும் பிளஸ் டூவிலேயே நீ அடித்தளம் போட்டுவிட்டாய். அணிக்கோவையைத்தான் இங்கே டிடர்மினன்ட் என்கிறார்கள், நேர்மாறைத்தான் இன்வர்ஸ் என்கிறார்கள், தரம்தான் ரேங்க். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டு இந்தச் சொற்களை எழுதிக்கொண்டே வா. பல தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டரில் பாதி பயம் பழைய பாடத்தின் புதுப் பெயரால் வருகிறது. அந்த மூன்று யூனிட்டையும் உருப்படியாக முடி. மற்ற இரண்டிலும் 2 மார்க் பார்த்துக்கொள்.

மேட்ரிசஸ் யூனிட்டில் வரும் ஐகன் மதிப்பை மனப்பாடம் செய்யாதே. முதல் வரிசையில் 2, 1. இரண்டாம் வரிசையில் 1, 2. இந்தச் சின்ன அணியால் (1, 0) என்ற திசையனைப் பெருக்கு. (2, 1) வரும், திசை மாறிவிட்டது. (1, 1)-ஐப் பெருக்கினால் (3, 3). திசை அப்படியே, மூன்று மடங்கு நீளம். (1, -1)-ஐப் பெருக்கினால் (1, -1) தானே திரும்பி வரும். திசை மாறாத அந்த இரண்டும் ஐகன் திசையன்கள், 3-உம் 1-உம் ஐகன் மதிப்புகள். கையால் மூன்று பெருக்கல். ஒரு பாலமோ கட்டடமோ எந்த வேகத்தில் தானாக அதிரும் என்பதை சிவில்காரர்கள் பின்னால் இந்தக் கணக்கில்தான் எடுப்பார்கள்.

சிவிலுக்கு எதற்கு கெமிஸ்ட்ரி என்று நம் கடற்கரையிலிருந்து போன பிள்ளை கேட்கலாமா? நம் பக்கத்தில் எத்தனை வீடுகளில் மாடிக் கூரையின் பூச்சு பெயர்ந்து, கம்பி துருவேறிப் பல்லை இளித்துக்கொண்டிருக்கிறது, பார்த்திருப்பாய். உப்புக்காற்று ஒரு காரணம். உப்புத் தண்ணீரில் கான்கிரீட் குழைத்தது இன்னொன்று. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதிநூல், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. கடல்நீரில் ஏறத்தாழ 19,000 இருக்கும். கரையோர போர்வெல் தண்ணீர் 500-க்குக் கீழேயும் நிற்கலாம், மேலேயும் நிற்கலாம். எங்கே என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலாண்டு லேபில் செய்வாயே, பொட்டாசியம் குரோமேட் ரெண்டு சொட்டு விட்டு மஞ்சளாக்கி, சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, செங்கல் நிறம் நிலைத்ததும் நிறுத்துவது, அதேதான். அடுத்த முறை வரும்போது உங்கள் வீட்டுப் பக்கத்து போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோ. லேப் அட்டெண்டரிடம் நல்லபடியாகக் கேட்டால் ஒரு தரம் செய்து பார்க்க விடுவார்கள். வரும் எண்ணை 500-உடன் ஒப்பிட்டு அப்பாவிடம் சொல்.

பைதானைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மேலே இருக்கிற 69.3-ஐயும் 56.6-ஐயும் கணக்கிட்டுத் தரும் நாலு வரி நிரலை நீயே எழுது. அது ஓடிவிட்டால் மிச்சம் பழகப் பழக வரும்.

வகுப்பில் ஆங்கிலம் ஓடுகிறது, சந்தேகம் கேட்க வாய் வரவில்லை என்பதை நீ எழுதவில்லை. எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். சாரிடம் போய் “ஒண்ணுமே புரியல சார்” என்று நிற்காதே. அப்படி வந்து நிற்கும் பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்குவது என்று எங்களுக்கும் தெரியாது. பாதி வரைந்த தாளைக் கொண்டுபோய், “சார், இதுவரைக்கும் வந்துட்டேன், இந்த லோகஸை மேலே ஏத்துறதா கீழே இறக்குறதான்னு தெரியல” என்று கேள், தமிழிலேயே. (லோகஸ் என்பது கோட்டின் முனை நகரும் பாதை.) இரண்டு நிமிடத்தில் பதில் வரும். அடுத்த முறை உன் முகம் அவருக்கு ஞாபகம் இருக்கும். முகம் கொடுக்காத ஆசிரியர்களும் உண்டு. அப்படியானால் சீனியர் அக்கா ஒருத்தரைப் பிடி. கிராபிக்ஸில் ஒரு தடவை அரியர் வைத்துப் பாஸ் ஆனவராக இருந்தால் இன்னும் நல்லது, எங்கே சறுக்கும் என்று அவருக்குத்தான் அத்துபடி.

கலாமைச் சொல்லி உன்னைக் குத்தும் சாருக்கு ஒரு தகவல். கலாம் ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியிலிருந்து நேரே இன்ஜினியரிங் வகுப்பில் போய் உட்காரவில்லை. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்து 1954-இல் முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சென்னை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் சேர்ந்தார். பிளஸ் டூ முடித்த கையோடு வந்திருக்கும் உன்னை அவரோடு நிறுத்தி அளப்பது நியாயமே இல்லை. ராமேஸ்வரம் பக்கத்துப் பிள்ளை என்றாலே இந்தப் பாட்டைப் பாடுவது நம் ஆட்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. சிரித்துவிட்டுப் போ.

பி.எஸ்சி. ஒன்றும் மட்டமான படிப்பில்லை. இயற்பியலோ கணக்கோ உண்மையிலேயே பிடித்துப் போகிறவர்கள் போகட்டும். நீ எழுதியிருப்பதில் பிடித்துப் போகிற தொனி இல்லை, பயந்து ஓடுகிற தொனிதான் இருக்கிறது. ஒர்க்‌ஷாப் பிடிக்கிறது என்கிற பிள்ளையை பி.எஸ்சி. கணக்கு என்ன செய்யும்? இன்னொன்று, உன் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசாங்கம் கட்டுகிறது. விட்டுவிட்டால் இதே ஒதுக்கீட்டின் கதவு மறுபடி திறக்குமா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் டி.சி.யைத் தொடாதே. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்றும் பார். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு உரிய பணம் அது. வரவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் அதற்கென்று ஒருவர் இருப்பார், அவரை விடாதே.

மாமா விஷயம். சிவில் என்றால் வெயிலில் நின்று கான்கிரீட் போடுவது மட்டும் என்று நினைக்கிறார் போல. வடிவமைப்பு, அளவெடுப்பு, மதிப்பீடு, தரச்சோதனை, பொதுப்பணித் துறைப் பணி எல்லாம் அதில்தான் வருகிறது. தமிழக அரசு வேலை நியமனத்தில் பெண்களுக்குத் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. மூக்கையூரில் மீன்பிடித் துறைமுகம், குந்துகாலில் மீன் இறங்குதளம் என்று நம் கரையிலேயே சிவில் வேலை நடந்திருக்கிறது. வெயிலில் நிற்க வேண்டி வந்தாலும்தான் என்ன? இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் பாசி எடுக்கும் அம்மாவின் மகளுக்கு இதைச் சொல்லிப் பயம் காட்டுகிறாரே மனுஷன்! அவரோடு வாதாட வேண்டாம். தலையாட்டிவிட்டு உன் வேலையைப் பார்.

அப்பாவிடம் இந்த வாரமே சொல்லிவிடு. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அவர் கரையில் இருக்கும்போது நேரில் சொல்வது நல்லது. ஊர்க்காரர் யாராவது சொல்லி அவர் காதில் விழக் கூடாது. சொல்லும்போது ‘அரியர்’ என்று மட்டும் சொன்னால் ஃபெயிலாகிப் படிப்பே போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார். ஒரு பாடத்தை மறுபடி எழுத வேண்டும், 45 மார்க் எடுத்தால் போதும், அடுத்த பாடங்கள் நிற்காமல் ஓடும் என்று விவரமாகச் சொல். திட்டினால் கேட்டுக்கொள்.

கடைசியாக ஆட்டோகேட். பணம் கட்டாதே. எக்ஸ்ஒய் கோட்டுக்கு மேலே எது, கீழே எது என்று தெரியாமல் மென்பொருளுக்குப் போனால் தப்பான படத்தை வேகமாகப் போடுவாய், வேறு ஒன்றும் நடக்காது. இந்த செமஸ்டர் தேர்வு முடியட்டும். பிறகு கல்லூரியின் கணினி வரைபட லேபிலேயே உட்கார்ந்து பழகலாம். மாணவர்களுக்கு அந்த மென்பொருள் இலவச உரிமத்திலேயே கிடைக்கிறது, நான் முதல்வன் திட்டத்தில் என்ன வகுப்பு இருக்கிறது என்றும் கல்லூரியில் கேள். இப்போதைக்கு உனக்கு வேண்டியது ஒரு 2எச் பென்சில், ஒரு எச்பி பென்சில், ஆடாத காம்பஸ் ஒன்று. முதலில் அந்த ஏபி கோட்டைப் போடு. 60-உம் 81.6-உம் வரவில்லை என்றால் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. துணைக்கோடுகளை அழிக்காமல் அனுப்பு. எங்கே தப்பியது என்று அதில்தான் தெரியும்.